மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலியா?

"கைத்துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்பாராதவிதமாகக் குண்டு பாய்ந்தது." வருடத்துக்குச் சில முறையாவது இந்த வரி ஏதோ ஒரு செய்தித்தாளில் வந்துவிடுகிறது. ஊரும் பெயரும் மாறும், வரி மாறுவதில்லை. படிக்கிறவர்களும் விதி என்று சொல்லி அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த 'எதிர்பாராதவிதமாக' எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றாகவே இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் மேசைமேல் கிடந்தபடி தானாகச் சுடாது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், ஒரு தோட்டா இருந்திருக்க வேண்டும், அது இருப்பது வைத்திருந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வேண்டும், விரலோ வேறு ஏதோ ட்ரிகரை அழுத்தியிருக்க வேண்டும், குழல் ஒரு உடம்பை நோக்கி இருந்திருக்க வேண்டும். இந்த நான்கும் ஒரே நொடியில் சேர்ந்தால்தான் அந்தச் செய்தி வரும். இதில் இரண்டாவதுதான் மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. "காலிதானே" என்று நினைத்த பிறகுதான் கை அலட்சியமாகிறது.

ரிவால்வரில் இந்தக் குழப்பம் குறைவு. சிலிண்டரைத் திறந்தால் ஐந்தோ ஆறோ அறைகள் கண்ணுக்கு நேரே நிற்கும். பிஸ்டல் அப்படியில்லை. அதில் தோட்டா இருக்கக்கூடிய இடங்கள் இரண்டு: பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசின், குழலின் பின்முனையில் இருக்கும் சேம்பர். முதலாவதைக் கையால் உருவி எடுக்கலாம். இரண்டாவது, துப்பாக்கியின் மேல்பக்கம் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக்குள் மூடிக் கிடக்கிறது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது குறி பார்ப்பதை அல்ல, இந்த இரண்டாவது இடத்தின் நிலையை எந்த நேரமும் தெரிந்து வைத்திருப்பதை.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது

ட்ரிகரை அழுத்தினால் சியர் என்ற சிறிய கொக்கி விலகுகிறது. அது பிடித்து வைத்திருந்த ஹேமர் முன்னால் பாய்ந்து ஃபயரிங் பின் என்ற ஊசியை அடிக்கிறது. ஹேமர் இல்லாத க்ளாக் நிறுவனப் பிஸ்டல் போன்றவற்றில் ஸ்ட்ரைக்கர் என்ற, சுருள்வில் பொருத்திய ஊசி நேராகப் பாய்கிறது. தோட்டாவின் அடியில் உள்ள ப்ரைமர் நசுங்கித் தீப்பிடித்து, மருந்து எரிந்து, வாயு அழுத்தம் குண்டை முன்னாலும் வெற்றுக் குப்பியைப் பின்னாலும் தள்ளுகிறது. 9 எம்எம் சர்வீஸ் பிஸ்டல்களில் பெரும்பாலும் ஸ்லைடும் பேரல் எனும் குழலும் சில மில்லிமீட்டர் தூரம் ஒன்றாகப் பூட்டியபடி பின்வாங்கும். அதற்குள் குண்டு குழலைவிட்டுப் போயிருக்கும். பிறகு பேரலின் பின்பகுதி சற்றுக் கீழே சரிந்து பூட்டு விடுபட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போகும். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட, 1911 என்றே அழைக்கப்படும் பிஸ்டலும் இந்தச் சரியும் பேரலில்தான் இயங்கியது. இன்று விற்கும் பிஸ்டல்களில் பலவும் அதே வழியில் சிறு மாறுதல்களோடு இயங்குகின்றன. நம் நாட்டில் சாதாரண லைசென்ஸுக்குக் கிடைக்கும் .32 அளவுத் தோட்டாவின் பிஸ்டல்களில் பொதுவாக இந்தப் பூட்டு இருக்காது. தோட்டாவின் சக்தி குறைவு என்பதால் ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே போதுமானவை. இதை ப்ளோபேக் என்கிறோம். ஸ்பிரிங் கடினமாக இருப்பதால்தான் சிறிய .32ஐ இழுப்பது சில நேரம் பெரிய 9 எம்எம்மை இழுப்பதைவிடச் சிரமமாக இருக்கிறது.

பின்னால் போகும் ஸ்லைடு மூன்று வேலை செய்கிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி குப்பியின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது, எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறிகிறது, ஹேமர் மறுபடி காக் ஆகிறது, அதாவது பின்னால் தள்ளப்பட்டுச் சியரில் மாட்டி நிற்கிறது. ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளும்போது மேகசினின் மேல் தோட்டாவை உருவிச் சேம்பருக்குள் திணித்து மூடுகிறது. அடுத்த குண்டு தயார். இவ்வளவும் நடக்க ஒரு நொடியில் சிறு பங்குதான் ஆகும். நாம் செய்தது ஒரு முறை ட்ரிகரை அழுத்தியது மட்டுமே. கையால் ஸ்லைடை இழுத்துவிட்டாலும் இதே திணிப்பு வேலை நடக்கும். பிஸ்டலின் சௌகரியம் இதுதான், ஆபத்தும் இதிலிருந்துதான் வருகிறது.

வரிசை மாறினால்

காலி செய்வதற்கு இரண்டு அசைவுகள்: மேகசினை எடுப்பது, ஸ்லைடை இழுப்பது. எதை முதலில் செய்தால் என்ன என்று தோன்றும். தலைகீழாகச் செய்து பார்ப்போம். மேகசினில் ஏழு, சேம்பரில் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முதலில் ஸ்லைடை இழுக்கிறார். சேம்பரில் இருந்த தோட்டா வெளியே தெறித்து விழுகிறது. ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினின் முதல் தோட்டா உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. பிறகு மேகசினை உருவுகிறார். தரையில் ஒரு தோட்டா கிடக்கிறது, கையில் மேகசின் இருக்கிறது. தோட்டா வெளியே விழுந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். காலி என்று அவர் நம்ப எல்லாக் காரணமும் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி முழுத் தயார் நிலையில் இருக்கிறது. "மேகசினைக் கழற்றிவிட்டேன், ஸ்லைடையும் இழுத்தேன், எப்படி வெடித்தது தெரியவில்லை" என்று விபத்துக்குப் பிறகு சொல்கிறவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இரண்டையும் அவர் செய்திருக்கலாம், வரிசை மாறியிருக்கும்.

சரியான முறையை விரிவாகவே எழுதுகிறேன். குழல் பாதுகாப்பான திசையில். சுட்டுவிரல் ட்ரிகர் கார்டு என்ற வளையத்துக்கு வெளியே, ஸ்லைடுக்குக் கீழே உள்ள ஃபிரேமை ஒட்டி நீட்டியபடி. மேகசின் பட்டனை அழுத்தி மேகசினை முழுதாக வெளியே எடுத்து, மேசையில் அல்ல, பாக்கெட்டிலோ இழுப்பறையிலோ வையுங்கள். பின்னரே ஸ்லைடை அதன் பின்பகுதியில் கைப்பிடியாக அழுத்திப் பிடித்து, முழு தூரம் இழுத்து விடுங்கள். மூன்று முறை செய்யுங்கள். முதல் இழுப்பில் ஒரு தோட்டா வந்து, அடுத்த இரண்டில் எதுவும் வராமல் இருந்தால் நல்லது. இரண்டாவதிலும் ஒன்று வந்தால் மேகசின் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்த மூன்று முறை இழுப்பதன் பயனே இதுதான். கடைசியில் ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பூட்டி, சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியை விட்டுத் தொட்டும் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டரின் நுனி உடைந்திருந்தால் எத்தனை முறை இழுத்தாலும் தோட்டா உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்த கைக்கு அது தெரியாது. இருட்டில் விரல் காட்டிக்கொடுக்கும். மேகசின் குழியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தெறிக்கும் தோட்டாவை உள்ளங்கையால் எஜெக்ஷன் துவாரத்தை மூடிப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. லாவகமாகத் தெரியும், செய்யக் கூடாது. கை தடுத்தால் தோட்டா சரியாக வெளியேறாமல் திரும்பி, ப்ரைமர் எஜெக்டரின் நுனியில் மோதலாம். சேம்பருக்கு வெளியே வெடிக்கும் தோட்டாவின் பித்தளைச் சிதறல்கள் கையைக் கிழித்துவிடும். தரையில் விழட்டும், குனிந்து பொறுக்கிக்கொள்ளலாம்.

மேகசின் வெளியே வந்தால் சுடாது என்ற நம்பிக்கை எங்கிருந்தோ வந்ததல்ல. 1935இல் வந்த பிரவுனிங் ஹை பவரில் மேகசின் இல்லாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாதபடி ஒரு பாகம் இருக்கிறது. அந்தத் துப்பாக்கியின் வழிவந்த 9 எம்எம் பிஸ்டலை இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி நம் படைகளுக்குத் தயாரித்தது. அதைக் கையாண்டு பழகியவர் சொல்லும் அனுபவம் அந்தத் துப்பாக்கிக்குச் சரி. 1911 வகையிலோ க்ளாக்கிலோ அந்தப் பாகம் கிடையாது. மேகசின் கையில் இருக்கும்போதே சேம்பரில் உள்ள தோட்டா சுடும். க்ளாக்கில் இன்னொன்றும் உண்டு: பிரித்துத் துடைப்பதற்கு ஸ்லைடைக் கழற்றும் முன் ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் அந்தப் படிக்கு வருகிறவர், துடைப்பதற்காகவே ஒரு குண்டைச் சுடுகிறார்.

சேஃப்டி நெம்புகோல் எதைத் தடுக்கிறது

"சேஃப்டி போட்டிருக்கிறேன்" என்று சொல்பவரிடம் அது எந்தப் பாகத்தைத் தடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 1911இன் கட்டைவிரல் சேஃப்டி சியரை நகரவிடாமல் அடைக்கிறது, ஸ்லைடையும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பழைய வடிவத்தில் ஃபயரிங் பின் எந்தத் தடுப்பும் இல்லாமல் இருந்தது. குழல் முனை தரையில் படும்படி உயரத்திலிருந்து விழுந்தால் ஃபயரிங் பின் தன் எடையாலேயே முன்னால் போய் ப்ரைமரைத் தொட இடமிருந்தது. அதற்காகத்தான் 1911ஐத் தயாரிக்கும் கோல்ட் நிறுவனம் 1980களில் ட்ரிகரை அழுத்தினால் மட்டும் விலகும் ஒரு தடுப்பை ஃபயரிங் பின்னுக்குக் குறுக்கே வைத்தது. ஃபயரிங் பின் ப்ளாக் என்பது இதுதான். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட க்ளாக் 17இல் வெளியே நெம்புகோலே இல்லை. ட்ரிகரின் நடுவில் ஒரு சிறு நாக்கு, ஃபயரிங் பின்னுக்கு ஒரு ப்ளாக், விழுந்தால் சியர் நழுவாதபடி ஒரு தாங்கல் என மூன்றும் உள்ளேயே இருக்கின்றன. இவை மூன்றும் ட்ரிகரை அழுத்தும்போது வரிசையாக விலகிவிடும். விரல் அழுத்தினாலும் சட்டைநுனி அழுத்தினாலும் அதற்கு ஒன்றுதான். ஏறத்தாழ இரண்டரை கிலோ அழுத்தம் போதும்.

ஹேமரை இறக்கி வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வால்தர் பிபி, பெரெட்டா 92எஃப்எஸ் போன்ற, ட்ரிகரை அழுத்துவதே ஹேமரை ஏற்றி விடுவிக்கும் இரட்டைச் செயல் பிஸ்டல்களில் நெம்புகோலை இறக்கினால் ஹேமர் பாதுகாப்பாகக் கீழே இறங்கும். அந்த வசதி இல்லாத துப்பாக்கியில், சேம்பரில் தோட்டாவை வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஹேமரைப் பிடித்தபடி ட்ரிகரை அழுத்தி மெல்ல இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்த்த விரல் ஒரு முறை வழுக்கினால் போதும். இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காலி செய்துவிட்டு இறக்குங்கள்.

சேம்பரில் தோட்டாவோடா, இல்லாமலா

இந்த வாதத்துக்கு முடிவே இல்லை. அமெரிக்காவில் அன்றாடம் துப்பாக்கியோடு நடப்பவர்களில் பலர், சேம்பர் காலியாக இருந்தால் துப்பாக்கி இருந்தும் பயனில்லை என்பார்கள். ஆபத்து வரும்போது இரண்டு கையும் ஓய்வாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பது அவர்களது வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதம் மூன்று விஷயங்களை இருப்பதாக எடுத்துக்கொள்கிறது: ஃபயரிங் பின் ப்ளாக் உள்ள நவீன பிஸ்டல், ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் உறை, சுடும் பயிற்சிக்கான ரேஞ்சுக்கு அடிக்கடி போகும் கை. இதில் ஒன்று குறைந்தாலும் வாதம் நிற்காது. நம் ஊரில் கைமாறிக் கைமாறி வரும் பழைய .32 பிஸ்டல்கள் பலவற்றில் ஃபயரிங் பின் ப்ளாக் கிடையாது, சேஃப்டி நெம்புகோல் தேய்ந்து தானாகவே சரிந்துவிடும். வருடத்தில் எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்கும் லைசென்ஸில் வரம்பு இருப்பதால் பயிற்சியும் குறைவு. இப்படிப்பட்டவர் சேம்பரைக் காலியாக வைத்து, மேகசினில் மட்டும் தோட்டாவோடு எடுத்துச் செல்வதே சரி. எந்த நிலையில் எடுத்துச் செல்வது என்பதைத் துணிச்சலை வைத்து முடிவுசெய்யக் கூடாது. துப்பாக்கியின் உள்ளே என்ன பாகம் இருக்கிறது, இடுப்பில் என்ன உறை இருக்கிறது என்பதை வைத்து முடிவுசெய்ய வேண்டும். எந்த நிலையைத் தேர்ந்தெடுத்தாலும் அதையே எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். இன்று தோட்டாவோடு, நாளை இல்லாமல் என்று மாற்றிக்கொண்டிருப்பவருக்குத்தான் ஒரு நாள் எது என்று மறந்துபோகும்.

ஹோல்ஸ்டர் இல்லாமல் இடுப்பில் செருகுவதைப் பற்றிப் பேச வேண்டிய நிலை இன்னும் இருக்கிறது. வேட்டி மடிப்பிலும் பேன்ட் பட்டையிலும் செருகிய பிஸ்டல் உட்கார்ந்தால் நழுவும், நழுவினால் கை தானாகப் பாய்ந்து பிடிக்கும், அந்தப் பிடியில் விரல் போய்ச் சேரும் இடம் ட்ரிகராக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை ஹோல்ஸ்டரிலோ அதுபோன்ற உறையிலோ வெளியே தெரியாதபடிதான் எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. நல்ல ஹோல்ஸ்டருக்கு நான்கு சோதனைகள் போதும். துப்பாக்கி உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து எந்த விரலாலும் ட்ரிகரைத் தொடவோ அழுத்தவோ முடியக் கூடாது. துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்க வேண்டும். காலித் துப்பாக்கியோடு தலைகீழாகக் கவிழ்த்து மெத்தைமேல் உதறினால் விழக் கூடாது. பெல்ட்டில் அது இங்குமங்கும் நகரக் கூடாது. அதற்கு நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள, விறைப்பான பெல்ட் வேண்டும். கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கோ தடித்த தோலோ இரண்டும் சரி. பழகிப் பழகித் தொய்ந்துபோன தோல் உறைதான் பெரும் ஆபத்து: வாயோரம் மடங்கி ட்ரிகர் கார்டுக்குள் போய், துப்பாக்கியை உள்ளே அழுத்தும்போது அதுவே விரலாகிவிடும். இடுப்பில் இருந்தபடியே சுட்டுத் தொடையைத் துளைத்த சம்பவங்கள் இப்படி நடந்திருக்கின்றன.

துப்பாக்கியை வெளியே எடுப்பதைவிடத் திரும்ப வைப்பதுதான் ஆபத்தான நேரம். எடுப்பதில் அவசரம் இருக்கலாம், வைப்பதில் ஒருபோதும் அவசரம் இல்லை. நின்று, விரல் ஃபிரேம்மேல் இருக்கிறதா என்று பார்த்து, சட்டையை மறு கையால் முழுதாக ஒதுக்கி, உறைக்குள் கண்ணால் பார்த்தே இறக்குங்கள். ஜாக்கெட்டின் கயிறு, சட்டையின் விளிம்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. ஹேமர் உள்ள துப்பாக்கி என்றால் கட்டைவிரலை ஹேமர்மேல் வைத்துக்கொண்டு இறக்குங்கள். ட்ரிகரில் ஏதாவது மாட்டினால் ஹேமர் நகர்வது விரலுக்கு உடனே தெரியும். வழியில் தடை தட்டினால் அழுத்தக் கூடாது, வெளியே எடுத்து என்னவென்று பார்க்க வேண்டும். காரில் ஏறும்போதோ கழிப்பறையிலோ கழற்ற வேண்டியிருந்தால் பிஸ்டலை உருவாதீர்கள், ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றுங்கள். உறைக்குள் இருக்கும்வரை ட்ரிகரை எதுவும் தொட முடியாது.

கை நழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். இது உடம்பின் இயல்புக்கு எதிரானது என்பதால் மனதில் பலமுறை சொல்லிவைக்க வேண்டியது. நவீன பிஸ்டல் விழுந்தால் சுடாதபடி வடிவமைக்கப்பட்டது, பாய்ந்து பிடிக்கும் விரலுக்கு அப்படி எந்த வடிவமைப்பும் இல்லை. இதற்கும் விதிவிலக்கு உண்டு. அமெரிக்க ராணுவம் 2017இல் தேர்ந்தெடுத்த சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டலின் சிவில் வடிவத்தில், பின்பக்கம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தரையில் மோதினால் ட்ரிகர் தன் எடையாலேயே பின்னால் போய்ச் சுடுவது அதே ஆண்டில் தெரியவந்தது. நிறுவனம் எடை குறைந்த ட்ரிகரும் வேறு சில மாற்றங்களும் செய்து தர முன்வந்தது. உங்கள் மாடலுக்கு இப்படி ஏதாவது திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்துவைப்பது அவசியம்.

வீட்டில்

பாதுகாப்பான திசை என்று எழுதிவிடலாம், அடுக்குமாடி வீட்டில் அது எங்கே இருக்கிறது? மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், கான்கிரீட் சுவரில் பட்டால் குண்டு எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றில் மணலை நிரப்பி அறையின் மூலையில் வையுங்கள். தோட்டா போடுவதும் எடுப்பதும் குழல் அந்த மணலின் நடுவை நோக்கி இருக்கும்போது மட்டும். குழலை மணலுக்குள் புதைக்கக் கூடாது, சற்று மேலேயே நிறுத்துங்கள். காவல் நிலையங்களிலும் ராணுவ முகாம்களிலும் மணல் நிரப்பிய பீப்பாயை வைத்துச் செய்வதும் இதேதான். தேர்தல் அறிவித்தவுடன் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்களே, அன்றைக்கும் கூட்டம் நிற்கும் மேசைமுன் தோட்டாவை எடுக்க ஆரம்பிக்காதீர்கள். வீட்டிலேயே காலி செய்து, மேகசினைத் தனியாக வைத்து எடுத்துப் போங்கள். அங்கே ஸ்லைடைப் பின்னால் பூட்டிச் சேம்பர் தெரியும்படி நீட்டுங்கள். வாங்குகிறவர் காவலரே ஆனாலும் அவரும் பார்த்துத் தொட்டுச் சரிபார்க்கட்டும். திரும்பப் பெறும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தினமும் இரவில் காலி செய்து காலையில் மறுபடி போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒரே தோட்டாவே திரும்பத் திரும்பச் சேம்பருக்குள் போகும்போது, ஒவ்வொரு முறையும் அதன் குண்டு முனை, சேம்பருக்குள் ஏறும் சரிவான ஏற்றப்பாதையில் மோதுகிறது. நாளடைவில் குண்டு குப்பிக்குள் சிறிது சிறிதாக அமுங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் மருந்து எரியும்போது அழுத்தம் ஏறும், அளவு மீறினால் குப்பியே கிழியும். புதுத் தோட்டா ஒன்றையும் அதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் குட்டையானது தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் அதைச் சுட வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். அது லைசென்ஸ் கணக்கில் இருக்கும் தோட்டா. தனியாகக் குறித்துவைத்து, வாங்கிய டீலரிடம் காட்டி என்ன செய்வது என்று கேளுங்கள். குட்டையாகாத தோட்டாக்களையும் மேகசினுக்குள் அவ்வப்போது இடம் மாற்றிப் போட்டுவந்தால் எந்த ஒன்றும் அந்த மோதலை அதிக முறை வாங்காது.